ஆயில் என்ஜின் டீசலை அதிகம் குடிக்கிறதா? குறையைக் கண்டுபிடிக்கும் முறை

காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கம் தீவை அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. இத்தீவிலும், அந்தநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை வரையிலான தென்கரை ஊர்களிலும் வாழையே முக்கியப் பயிர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல் திறக்கப்பட்டு ஜனவரி 28ல் மூடப்படுகிறது. அணை மூடிய பிறகு கோடை முடியும் வரை பூவனையும் ரஸ்தாளியையும் கற்பூரவல்லியையும் காப்பாற்றுவது கிணற்று நீரும் போர் நீரும்தான்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990லும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. ஆயினும் மின் இணைப்புக்குக் காத்திருப்போர், குத்தகை நிலத்தில் சாகுபடி செய்வோர், ஆற்றுப் படுகை ஓரத்தில் நிலம் உள்ளோர் ஆகியோருக்கு இன்றும் ஆயில் என்ஜினே துணை. இவர்களில் பலர் பத்துப் பதினைந்து வருடம் உழைத்த பழைய என்ஜினை வைத்திருப்பவர்கள். "முன்பெல்லாம் ஐந்து லிட்டரில் பாய்ந்த வாழைக்கு இப்போது எட்டு லிட்டர் ஆகிறது" என்பது கோடையில் அடிக்கடி கேட்கும் குறை.

குறை தெரிந்தவுடன் பெரும்பாலோர் செய்வது மெக்கானிக்கை அழைத்து நாசிலைக் கழற்றச் சொல்வதுதான். நாசில் மாற்றி, பிறகு ரிங் மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவான பின்பும் டீசல் குறைவதில்லை. கடைசியில் பார்த்தால் புட்வால்வில் சருகு அடைத்திருக்கும், அல்லது பெல்ட் வழுக்கிக்கொண்டிருக்கும். எனவே முதலில் அளந்து பார்க்க வேண்டும். பிறகு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கி, செலவு பிடிக்கும் இடத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். என்ஜினைப் பிரிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதலில் அளவு

ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு லிட்டர் டீசலுக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதே சரியான கணக்கு. இதற்கு ஒரு லிட்டர் அளவுப் பாத்திரமும், ஒரு கடிகாரமும், தண்ணீர் விழும் தொட்டியும் போதும்.

என்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேறவிட வேண்டும். பிறகு நிறுத்தி, டீசல் டாங்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். சரியாக ஒரு மணி நேரம் பாசனம் செய்துவிட்டு, மீண்டும் அதே கழுத்து அளவு வரும் வரை அளவுப் பாத்திரத்தால் டீசல் ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவே ஒரு மணிச் செலவு. 5 குதிரைத்திறன் என்ஜின் முழுப் பளுவில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் முதல் 1¼ லிட்டர் வரை செலவாவது இயல்பு.

அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தண்ணீரையும் அளந்துவிடலாம். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கினால் கன அடி கிடைக்கும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரமுள்ள தொட்டி 72 கன அடி, அதாவது சுமார் 2,000 லிட்டர் கொள்ளும். மடையை அடைத்துவிட்டு, தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தொட்டி 3 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 40,000 லிட்டர் தண்ணீர். 5 நிமிடம் ஆனால் மணிக்கு 24,000 லிட்டர்தான். இரண்டு நிலையிலும் மணிக்கு ஒரு லிட்டர் டீசலே செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். முதல் நிலையில் 5 மணி நேரத்தில் 5 லிட்டர் டீசலில் வேலை முடியும். இரண்டாவது நிலையில் 8 மணிக்கு மேல் ஓட்டி 8 லிட்டருக்கு மேல் எரிக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை பதினைந்து தண்ணீர் கட்டினால் ஏக்கருக்குச் சுமார் 50 லிட்டர் வீண். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 4,500 ரூபாய் ஆகிறது. ஓர் ஏக்கர் வாழைக்காரருக்கு இது சிறிய தொகை அல்ல.

அளவு சொல்லும் செய்தி

என்ஜின் நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த அளவு கையில் இருந்தால் குறை எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

தண்ணீர் பழைய அளவே வருகிறது, டீசல் மட்டும் கூடியிருக்கிறது என்றால் குறை என்ஜினில், அல்லது டீசல் எங்கோ ஒழுகுகிறது.

டீசல் ஏறக்குறைய பழைய அளவே, தண்ணீர் குறைந்துவிட்டது என்றால் குறை பம்பில், குழாயில், பெல்ட்டில் அல்லது கிணற்றின் நீர்மட்டத்தில். என்ஜினைத் தொட வேண்டியதில்லை.

இரண்டும் குறைந்திருந்தால் என்ஜின் மெதுவாக ஓடுகிறது. வேகத்தைச் சோதிக்க வேண்டும். டீசல் கூடித் தண்ணீரும் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் குறை உண்டு. அப்போதும் பம்புப் பக்கத்தையே முதலில் சரிசெய்வது நல்லது. அதில் செலவு குறைவு.

பம்புப் பக்கம்

புட்வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாழைச் சருகும் பாசியும் சல்லடைத் துளைகளை அடைத்துக்கொண்டால், என்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியைத் தண்ணீரை உறிஞ்சுவதிலேயே இழக்கும். துளை சிறுத்த, குறுகலான புட்வால்வு அடைப்பு இல்லாமலே தண்ணீரைத் தடுக்கும். மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978ல் அமைக்கப்பட்டது. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு அச்சங்கம் சொல்லிவந்த முக்கிய யோசனைகளில் இரண்டு: தண்ணீரைத் தடுக்காத அகலமான புட்வால்வு, உட்புறம் வழவழப்பான பி.வி.சி. குழாய்.

குழாயின் அகலம் அடுத்தது. 3 அங்குலக் குழாயில் போகும் அதே அளவு தண்ணீர் 4 அங்குலக் குழாயில் போனால், உராய்வினால் ஏற்படும் இழப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பழைய இரும்புக் குழாயில் உள்ளே துரு ஏறியிருந்தால் இழப்பு இன்னும் அதிகம். தேவையில்லாத வளைவுகளையும் எல்போக்களையும் நீக்க வேண்டும்.

தண்ணீர் விழும் குழாயின் வாய் தொட்டிக்கு மேல் நான்கடி உயரத்தில் நிற்பதைப் பல தோட்டங்களில் காணலாம். தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டுவது பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்த நான்கடிக்கும் டீசல் எரிகிறது. குழாயின் வாயைத் தொட்டியின் விளிம்பளவுக்குத் தாழ்த்திவிட்டால் அவ்வளவும் மிச்சம். இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் குழாயும் ஒரு மணி வேலையும்தான்.

உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலும் தண்ணீர் குறையும். தண்ணீர் சீராக வராமல் இடையிடையே காற்றுடன் துப்பித் துப்பி வருவது இதன் அடையாளம். பம்பின் பேக்கிங் வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் கசிய வேண்டும். ஒழுகி ஓடினாலும் குறை. சிறிதும் கசியாதபடி இறுக்கிவிட்டாலும் தண்டு தேய்ந்து என்ஜினுக்குப் பளு கூடும்.

கோடையில் ஆறு வறண்டால் கரையோரக் கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்கும். பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 20 அடிக்கு மேல் போனால் பம்பு திணறும். கிணற்றில் பம்பு இருந்தால் அதைக் கீழே இறக்கி வைப்பதே வழி. இதை என்ஜினின் குறை என்று எண்ணி ஏமாறக் கூடாது.

பெல்ட்டும் வேகமும்

பெல்ட் மூலம் ஓடும் பம்பில், என்ஜின் புல்லியும் பம்பு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டி நிறுத்திய பிறகு புல்லியைத் தொட்டால் சுடுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. தளர்ந்த பெல்ட்டை இழுத்துக் கட்ட வேண்டும். அளவுக்கு மீறி இழுத்தால் பேரிங் கெடும்.

தண்ணீர் போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி வேகத்தைக் கூட்டுவது பரவலான பழக்கம். இது நஷ்டமான யோசனை. பம்பின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் தண்ணீர் ஏறத்தாழ அந்தப் பத்தில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். என்ஜின் பலகையில் பொறித்துள்ள வேகத்திலேயே ஓட்ட வேண்டும். வேகத்தை அளக்கும் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும்.

ஒழுகும் டீசல்

டாங்க் குழாய், பில்டர் மூடி, பம்பு நட்டு, நாசிலிலிருந்து திரும்பும் குழாய் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, என்ஜினை ஓட்டிக் கால் மணி கழித்துப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியும் இடம் ஒழுகும் இடம். வினாடிக்கு ஒரு சொட்டு என்பது மணிக்குச் சுமார் 180 மில்லி. டாங்க் குழாய் திறந்தபடியே இருந்தால் 12 மணி நேர இரவில் இரண்டு லிட்டருக்கு மேல் மண்ணுக்குப் போய்விடும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இங்கே நஷ்டக் கணக்கு. என்ஜினை நிறுத்தியதும் டாங்க் குழாயை மூடுவது வழக்கமாக வேண்டும்.

என்ஜினின் சூடு

பலர் கவனிக்காத இடம் இது. தண்ணீரால் குளிரும் என்ஜினில், பம்பிலிருந்து ஒரு சிறு குழாய் எடுத்து, கிணற்று நீரை நேராக என்ஜின் உறைக்குள் விடுவார்கள். என்ஜின் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி, அக்குழாயை முழுதும் திறந்துவிடுவார்கள். இது தவறு. சிலிண்டர் சில்லென்று இருந்தால் டீசல் முழுதாக எரியாது. செலவு கூடும், ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும்.

என்ஜினைவிட்டு வெளிவரும் தண்ணீரில் கை வைத்தால், ஓரிரு நொடிக்கு மேல் பொறுக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் குளிர்ச்சி அதிகம். அந்தச் சிறு குழாயில் ஒரு திருகு வால்வு போட்டு, வெளிவரும் நீர் சூடாகும் வரை அளவைக் குறைக்க வேண்டும். முழுவதும் மூடிவிடக் கூடாது, என்ஜின் பிடித்துக்கொள்ளும். பழைய காரிலும் இதே கதை உண்டு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் என்ஜின் சூடேறாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும்.

புகை காட்டும் அடையாளம்

நல்ல என்ஜினின் புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் லேசாக இருக்கும். என்ஜின் சூடேறிப் பளுவில் ஓடும்போதுதான் புகையைப் பார்க்க வேண்டும். கிளப்பியவுடன் வரும் புகையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: காற்று போதவில்லை, பளு அதிகம், அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. இதிலும் வரிசை உண்டு. முதலில் ஏர் கிளீனரைத் திறக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் வகையில் தூசி படிந்து எண்ணெய் சேறாகியிருந்தால், மண்ணெண்ணெயில் கழுவி, குறியிட்ட அளவு வரை புது எண்ணெய் ஊற்ற வேண்டும். காய்ந்த சருகும் மண்தூசியும் பறக்கும் கோடையில் வாரம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. கரும்புகை நின்றுவிட்டால் நாசிலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் நீலப்புகை வரும். அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது டீசல் பாயும் நேரம் தப்பியிருக்கலாம்.

ஆயில் கம்பியையும் தினம் பார்க்க வேண்டும். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால், டீசல் கசிந்து ஆயிலில் கலக்கிறது என்று பொருள். டீசலும் வீண், ஆயிலும் நீர்த்துப் பேரிங் கெடும். உடனே நிறுத்திக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக நாசில்

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் டீசல் குறையாவிட்டால் மட்டுமே பம்பு, நாசில் பக்கம் போக வேண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897ல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய முறை இது. பிஸ்டன் காற்றை அழுத்தியே சூடாக்குகிறது; அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. தொடக்கத்தில் அழுத்தப்பட்ட காற்றின் உதவியால்தான் எண்ணெயை உள்ளே செலுத்தினார்கள். 1927ல் ராபர்ட் பாஷ் நிறுவனம் சிறிய இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே சிறு டீசல் என்ஜின்கள் பரவ வழி பிறந்தது.

நாசிலின் ஊசிமுனைத் துளைகள் வழியாக டீசல் புகைபோல் தூவப்பட வேண்டும். துளை அடைத்தாலோ, ஊசி சரியாக உட்காராமல் சொட்டினாலோ டீசல் பாதி எரிந்து கரும்புகையாகப் போகும். டீசல் பாயும் நிலையில் வைத்து என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால், நல்ல நாசிலில் 'கிர்ர்' என்ற சத்தம் கேட்கும். சத்தமே இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் முடிவான சோதனையைப் பட்டறையில் நாசில் டெஸ்டர் கருவியில்தான் செய்ய வேண்டும். என்ஜின் புத்தகத்தில் சொன்ன அழுத்தத்தில் திறக்கிறதா, சீராகத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். நாசில் முழுவதையும் மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்து, அழுத்தம் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாசில் தூவும்போது அதன் முன்னால் கையையோ முகத்தையோ காட்டக் கூடாது. காற்றழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு வரையிலான அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

நாசிலும் நன்றாக இருந்து, கையால் சுற்றும்போது அழுத்தம் தெரியாமல் சக்கரம் எளிதாகப் புரண்டுவிட்டால், டேப்பட் இடைவெளியையும் வால்வையும் சோதித்துவிட்டு, பிறகுதான் ரிங், லைனர் வேலைக்குப் போக வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்பில் முத்திரை வைத்த திருகை எந்தக் காரணம் கொண்டும் திருப்பக் கூடாது. புகையும் செலவும் கூடுமே தவிர சக்தி கூடாது.

நாசிலும் பம்பும் நீடித்து உழைக்கச் சுத்தமான டீசல் தேவை. வாங்கிவந்த டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலாகத் தெளிந்ததைச் சல்லடைப் புனல் வழியாக ஊற்ற வேண்டும். அடியில் தங்கிய வண்டலையும் நீரையும் டாங்கில் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழவழப்புக் குறைவதால் பம்பு விரைவில் தேயும். மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

பழைய என்ஜின் வைத்திருப்பவர் கொட்டகையில் ஒரு சிறு நோட்டைத் தொங்கவிட வேண்டும். அதில் தேதி, ஓடிய மணி, ஊற்றிய டீசல், தொட்டி நிரம்பிய நிமிடம், ஆயில் மாற்றிய நாள் ஆகிய ஐந்தையும் குறித்துவந்தால் போதும். ஒரு மாதத்தில் அந்த என்ஜினின் இயல்பான அளவு தெரிந்துவிடும். தொட்டி நிரம்பும் நேரம் 3 நிமிடத்திலிருந்து 3½ நிமிடம் ஆகும்போதே புட்வால்வைத் தூக்கிப் பார்த்துவிடலாம். 5 நிமிடம் ஆகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என்ஜினையும் பம்பையும் பொருத்தமான அளவில் தேர்ந்தெடுப்பது, குழாய் அளவை முடிவு செய்வது போன்றவற்றில் சந்தேகம் வந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களை அணுகலாம். திருச்சி மாவட்டம் குமுளூரில் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போனால், குறை எந்தப் பக்கம் என்று அவர்களுக்கும் எளிதில் புரியும்.

வரும் ஜனவரியில் வாய்க்கால் நிற்பதற்கு முன், ஒரு நாள் ஒதுக்கி இந்த அளவை எடுத்துவைப்பது நல்லது. கோடையில் குலை தள்ளிய வாழை தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.